கைநாடா சிவப்பைக் காட்டினால் வீட்டிலேயே சிகிச்சை தரலாமா?

கேள்வி: பதினான்கு மாதமான என் பேத்தியின் மேற்கைச் சுற்றளவு 112 மி.மீ. என்று கைநாடாவால் (சிவப்பு, பச்சை என நிறங்கள் குறித்த அளவுநாடா) அளந்த சுகாதாரப் பணியாளர், மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லை, வாரந்தோறும் வந்து சிகிச்சை உணவுப் பொட்டலங்களை வாங்கிச் சென்றால் போதும் என்கிறார். தெரிந்தவர் ஒருவரோ, அதைவிட விரைவில் எடை கூடும் என்று ஒரு புரதமாவை வாங்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பணியாளர் சொல்வதையே கேளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மேற்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் குறைந்தால், அதாவது கைநாடா சிவப்பைக் காட்டினால், அது கடுமையான ஊட்டக்குறைவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இத்தகைய குழந்தைகளில் வேறு நோய்ச்சிக்கல் இல்லாதவர்களை வீட்டில் வைத்தே தேற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளும் 2007ஆம் ஆண்டிலேயே கூட்டாக அறிவித்துவிட்டன. உங்களை அலட்சியமாகத் திருப்பி அனுப்பவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பசிச் சோதனை செய்தார்களா? பொட்டலத்தைப் பிரித்து, உங்கள் கண்முன்னே, குழந்தை அதை விரும்பி உண்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். உண்ண மறுத்தாலோ, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தாலோ, வலிப்பு, மூச்சிரைப்பு, கடுங்காய்ச்சல், துவண்ட நிலை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ மருத்துவமனைதான் வழி.

இனி அந்த மாவு. எடை குறைந்த குழந்தை உள்ள வீட்டை இத்தகைய விற்பனையாளர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். கடுமையாக மெலிந்த குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகங்களும் தளர்ந்திருக்கும். கணக்கில்லாமல் ஊட்டும் புரதம் அவற்றுக்குச் சுமையாகும். சிகிச்சை உணவில் நிலக்கடலை, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றோடு பொட்டாசியம், துத்தநாகம் போன்றவையும் அளந்து சேர்க்கப்பட்டுள்ளன. இரும்புச்சத்தும் அதிலேயே இருப்பதால் இரும்பு டானிக்கும் தனியாக வேண்டாம். 92 கிராம் பொட்டலம் ஒன்று 500 கலோரி தரும். நாளொன்றுக்கு எத்தனை என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து அவர்களே சொல்வார்கள். தாய்ப்பால் முதலில், பிறகு இந்த உணவு, இடையிடையே தூய குடிநீர். மூத்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள், இது மருந்து. திட்டத்தில் இலவசமாகத் தரப்படும் இதற்கே ‘பதிவுக் கட்டணம்’ கேட்கும் இடைத்தரகர்களும் உண்டு, கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். குழந்தையின் இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று வினாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பின்னும் இரண்டிலும் குழி நின்றால் அது ஊட்டக்குறைவால் வந்த நீர்வீக்கம். ஒரு பாதத்தில் மட்டும் என்றால் அடியோ புண்ணோ காரணமாக இருக்கலாம். இரு பாதங்களிலும் நீர்வீக்கம் உள்ள குழந்தை, கைநாடா போதிய அளவைக் குறிக்கும் பச்சையைக் காட்டினாலும் கடுமையான நோயாளியே. வீக்கம் பாதத்தோடு நின்று, பசியும் நன்றாக இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். முகம் வரை பரவியிருந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சிகிச்சையின் தொடக்கத்தில் நீர் வடிவதால் இக்குழந்தைகளின் எடை குறையும். அதைக் கண்டு அஞ்சிப் பலர் சிகிச்சையை நிறுத்திவிடுவதும், அந்த நேரத்தில் மாவு விற்பவர் வாசலில் நிற்பதும் வாடிக்கையாகிவிட்டது.

பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்குள் குழந்தை தேறிவிடும். ஆனால் அளவு 115ஐத் தாண்டிய உடனே, ‘இனி இவள் எங்கள் பிரிவில் இல்லை’ என்று பெயரை நீக்கிவிடும் மையங்கள் உண்டு. கடுமையான நிலைக்கு ஓர் அமைப்பு, மிதமான நிலைக்கு வேறோர் அமைப்பு என்று குழந்தையின் கையைக் கூறுபோட்டு நிர்வாகம் செய்ததன் விளைவு இது; இடையில் விழுந்தவர்கள் மீண்டும் சிவப்புக்கே திரும்புகிறார்கள். அடுத்தடுத்த இரு வருகைகளில் 125 மி.மீ. அல்லது அதற்கு மேல் காட்டும் வரை சிகிச்சை தொடர வேண்டும் என்று கேளுங்கள். இருப்பு இல்லை என்று வெறுங்கையோடு அனுப்ப முற்பட்டாலும், கையை அளந்து, எடையையும் அட்டையில் எழுதி வாங்காமல் புறப்படாதீர்கள்.