சங்குப்பூ விதை ஊன்றி இருபது நாளாகியும் முளைக்கவில்லை, என்ன செய்வது?

தொட்டியில் பத்து விதை ஊன்றி நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை, விதை செத்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சாகவில்லை. அந்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். ஒருமுறை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுப் பூசைக்கு நீலச் சங்கு வேண்டும் என்று அம்மா கேட்டதற்காக, உறவினர் வீட்டு வேலியிலிருந்து காய்ந்த நெற்றுகளைப் பறித்து வந்து சித்திரையில் இருபது விதை போட்டேன். இரண்டு மட்டும் வந்தன, அவையும் வெயிலில் கருகின. வெறுத்துப்போய் தொட்டி மண்ணைக் கிணற்றடி முருங்கையின் ஓரம் கொட்டினேன். ஐப்பசி மழை இரண்டு வாரம் அடித்த பிறகு அதே இடத்தில் ஏழு கன்றுகள் எழுந்து முருங்கையைப் பற்றிக்கொண்டிருந்தன. "நீ ஊனினா வராது, கொட்டினாத்தான் வரும்போல" என்றார் அம்மா.

சங்குப்பூ அவரைக் குடும்பத்துக் கொடி. அந்தக் குடும்பத்தின் பல செடிகளைப் போலவே இதன் விதைத் தோலும் நீரை உள்ளே விடாத அளவுக்கு இறுகியது. வெயிலும் மழையும் மண்ணும் மாறிமாறி அதைத் தேய்த்து எங்காவது ஒரு விரிசல் உண்டாகும் வரை, விதை ஈர மண்ணுக்குள்ளேயே காய்ந்துதான் கிடக்கும். ஒரே நெற்றின் விதைகளும் ஒரே நாளில் திறப்பதில்லை. முதல் மழையை நம்பி எல்லாம் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் எல்லாம் மடிந்துபோகாமல் இருக்க அந்தக் கொடி வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆகவே நம் வேலை தண்ணீரைக் கூட்டுவதல்ல, தோலில் ஒரு வழி திறப்பது.

விதையின் ஒரு பக்கத்தில், நெற்றோடு ஒட்டியிருந்த இடத்தில், சிறு தழும்பு தெரியும். முளை அதன் அருகில்தான் வரும் என்பதால் அந்தப் பக்கத்தைத் தொடாமல், எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் நாலைந்து முறை தேய்த்து, கருந்தோல் போய் உள்ளே வெளிர்நிறம் தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறட்டும். எங்கள் கிணற்று நீர் உப்பாக இருப்பதால் ஊறவைக்க மட்டும் குடிநீரை எடுத்துக்கொள்கிறேன். காலையில் பார்த்தால் சில விதைகள் பருத்திருக்கும், சில நேற்றுப் போலவே கல்லாக இருக்கும். பருத்தவற்றை உடனே ஊன்றுங்கள். கல்லாக இருப்பவற்றை இன்னொரு முறை தேய்த்து மீண்டும் ஊறப் போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் அழுகும். கொதிநீர் ஊற்றும் வழியையும் சிலர் சொல்வார்கள். புது விதை வெந்துபோகும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரை அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்காவிட்டால், ஒரு வாரம் பத்து நாளில் முளை தெரியும்.

எந்த மாதத்தில் ஊன்றுவது என்பதும் இந்தக் கடற்கரைப் பக்கத்தில் முக்கியம். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையின் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். மழைக்குள் ஊன்றினால், ஓட்டை அடைபட்ட தொட்டியில் கன்று ஒரே இரவில் மூழ்கிவிடும். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்குக்கு மணலும் மட்கிய சாணமும் ஒவ்வொரு பங்கு கலந்தால் நீர் தேங்காது. ஆணிவேர்ச் செடி என்பதால் இடம் மாற்றுவதை விரும்பாது. கொடி படர வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது.

யூரியா போட வேண்டாம். வேர் முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்களே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன; நாமும் சேர்த்துப் போட்டால் இலை மண்டும், பூ குறையும். நல்ல வெயில் இருந்தால் ஊன்றிய இரண்டு மாதத்துக்குள் பூக்கத் தொடங்கும். இது பல ஆண்டு வாழும் கொடி. நான் ஒவ்வொரு தையிலும் ஓரடி விட்டு வெட்டிவிடுகிறேன், புதுத் தளிரில்தான் பூ வருகிறது. கிணற்றடிக் கொடிக்கு இது நான்காவது ஆண்டு.

நீலமா வெள்ளையா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். மொட்டு விரியும் முன்பே பெரும்பாலும் தன் மகரந்தத்தால் சூல் கொள்வதால், தாய்க்கொடியின் நிறமே வரும் என்று எதிர்பார்க்கலாம். பழைய தமிழில் நீலத்தைக் கருவிளை என்றும் வெள்ளையைச் செருவிளை என்றும் தனித்தனிப் பெயரிட்டே அழைத்திருக்கிறார்கள். புதுச்சேரி ஆசிரமத்து அன்னை பூக்களுக்குச் சூட்டிய பெயர்களில் இதற்கு ராதையின் பெயர் வாய்த்தது.

அடுத்த பட்டத்துக்கு விதை எடுப்பதென்றால், நெற்று வைக்கோல் நிறமானதும் பறித்துவிடுங்கள். நடுப்பகல் வெயிலில் அது முறுக்கி வெடித்தால் விதை நாலாபக்கமும் சிதறிவிடும். விதையும் வேரும் வயிற்றைக் கலக்கக்கூடியவை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.