தட்டுக்கும் பறவைக்கும் ஒரே துப்பாக்கி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்று மாதமாக வாடகைத் துப்பாக்கியில், காற்றில் எறியும் களிமண் தட்டு சுட்டுப் பழகுகிறேன். உரிமம் கைக்கு வந்துவிட்டது. வரும் பருவத்தில் பறவை வேட்டைக்கும் போக ஆசை. இரண்டுக்கும் ஒரே ஷாட்கன் போதுமா? எதை வாங்கலாம்?

பதில்: போதும். இரண்டு வாங்கி இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைவிட ஒன்றை வாங்கி அதிலேயே கை ஊறிப்போவது நல்லது. 12 போர் (குழலின் உள்ளளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும்), குழல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த ஓவர்-அண்டர், 30 அங்குலக் குழல், கழற்றி மாற்றும் சோக் (குழல் வாயைக் குறுக்கி, ரவை என்கிற சிறு குண்டுகள் பரவுவதைக் கட்டுப்படுத்தும் துண்டு), எடை மூன்றரைக் கிலோவை ஒட்டி. 'ஸ்போர்ட்டிங்' என்று கேட்டாலே இந்த வகையைத்தான் எடுத்து வைப்பார்கள்.

எடையை ஏன் சொல்கிறேன் என்றால், வேட்டைக்கென்றே செய்த துப்பாக்கி மூன்று கிலோ, மிஞ்சிப்போனால் இன்னொரு இருநூறு கிராம். நாள் முழுக்கச் சுமந்து நடந்துவிட்டுப் பத்துப் பதினைந்து முறை சுடுவதற்கு அது சொகுசு. அதையே வைத்துக்கொண்டு ஒரு காலையில் 100 தட்டு சுட்டுப் பாருங்கள், மறுநாள் சட்டை மாட்டக் கை மேலே போகாது. தட்டுக்கென்றே செய்தது 3.6 முதல் 3.9 கிலோ வரை இருக்கும். உதையில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும், வீச்சும் நடுவில் நிற்காமல் சீராக ஓடும், ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கினால் மதியத்துக்குள் வெறுத்துவிடும். நடுவில் நிற்பது இந்த மூன்றரை.

ஒரு எச்சரிக்கை. 'ட்ராப்' (சுடுபவருக்கு முன்னால் விலகிப் பறக்கும் தட்டைச் சுடும் போட்டி) துப்பாக்கி பழசில் மலிவாக வந்தால் மயங்காதீர்கள். ட்ராப் தட்டு எப்போதும் எழும்பிக்கொண்டே போகும், அதனால் ரவை குறிக்குச் சற்று மேலே போகும்படி தோளில் பொருந்தும் அதன் மரக்கட்டையை உயர்த்திச் செய்திருப்பார்கள். குறுக்கே பறக்கிற பறவைக்கும், இறங்கி வருகிற தட்டுக்கும் அது தலைக்கு மேலேதான் போகும்.

பக்கத்தில் பக்கத்தில் குழல் உள்ள பழைய இரட்டைக்குழல்? அழகு அதற்குத்தான், நான் மறுக்கவில்லை. இரண்டு விசை இருந்தால் எந்தக் குழல் வேண்டுமோ அந்த நொடியில் அதைச் சுடலாம். தட்டுக்கு மட்டும் ஒற்றை வரியாகத் தெரிகிற ஓவர்-அண்டரே கண்ணுக்கு எளிது. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ துப்பாக்கியில் உதை குறைவு, ஆனால் குழலை மடித்துத் திறந்து காலி என்று பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட முடியாது. எனக்கு அது ஒரு குறைதான்.

கேள்வி: எந்த பிராண்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இன்னொன்று, வலது தோளில் வைத்துச் சுடுகிறேன். வலமிருந்து இடம் ஓடும் தட்டு ஓரளவு உடைகிறது, இடமிருந்து வலம் ஓடுவது ஒன்றுகூடச் சிக்குவதில்லை. துப்பாக்கியில் கோளாறா?

பதில்: முதலில் கண்ணைப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து தூரத்தில் ஒரு பொருளை விரலால் சுட்டுங்கள், பிறகு இடது கண்ணை மட்டும் மூடுங்கள். விரல் அங்கேயே நின்றால் வலது கண்தான் எஜமான். சட்டென்று பக்கத்துக்குத் தாவினால் இடது. இடது கண் குறி பார்த்தால் வலது தோள்காரருக்குச் சுடுவதெல்லாம் இடப்பக்கம் விலகும். இடம் நோக்கி ஓடுகிற தட்டுக்கு அது தற்செயலாக முன்னால் போய்விடும், வலம் நோக்கி ஓடுவதற்கு வாலுக்குப் பின்னால். உங்கள் கதை அப்படித்தான் இருக்கிறது. கண்ணாடியின் இடது சில்லில் ஒரு சின்ன டேப் ஒட்டிச் சுட்டுப் பாருங்கள், அல்லது இப்போதே இடது தோளுக்கு மாறுங்கள், மூன்று மாதப் பழக்கம்தானே.

அப்புறம் பிராண்ட். பெரெட்டாவோ பிரௌனிங்கோ மிரோகுவோ, சாதாரண மாடலே பராமரித்தால் உங்களைவிட அதிக நாள் இருக்கும். அதற்கு மேல் கொடுக்கிற காசு பெரும்பாலும் மரத்துக்கும் செதுக்கலுக்கும் போகிறது. என் முதல் துப்பாக்கியை அதன் பக்கத் தகட்டில் செதுக்கியிருந்த பறவைகளைப் பார்த்து வாங்கினேன். பின்கட்டை எனக்கு முக்கால் அங்குலம் அதிகம். தூக்கும்போதெல்லாம் அக்குளில் மாட்டும், அதை விடுவித்துக் கன்னத்துக்குக் கொண்டுவருவதற்குள் தட்டு தரையில் இருக்கும். ஒரு பருவம் முழுக்கப் பறவைகளுக்கு ஆயுசு கெட்டி.

ஷாட்கன்னில் பின்குறி (கண் பக்கம் இருக்கும் குறிபார்க்கும் அமைப்பு) கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. கண்ணுக்கும் குழல் வாய்க்கும் சுமார் ஒரு மீட்டர். கன்னம் உட்காரும் இடம் 3 மி.மீ. மாறினால் 35 மீட்டரில் ரவைக்கூட்டம் 10 செ.மீ. தள்ளிப் போகிறது, தட்டின் அகலமோ 11 செ.மீ. அதனால் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்: காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கிக் கன்னத்தில் வையுங்கள், பிறகு கண்ணைத் திறவுங்கள். குழலின் மேல் பட்டை கண்ணுக்கு நேராகப் புள்ளியை நோக்கி ஓட வேண்டும். குழலின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு. பட்டை பக்கவாட்டில் சரிந்து தெரிந்தால் கட்டையை வளைத்துச் சரிசெய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

கேள்வி: ஐந்து சோக் தருகிறார்கள். எப்போது எதைப் போடுவது?

பதில்: கால் சோக் ஒன்று, அரை சோக் ஒன்று. மாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஃபுல் சோக் 70 சதவீத ரவையைப் போடும், அரை 60, கால் ஏறக்குறைய 50 முதல் 55. ஃபுல் போட்டால் நெருக்கமாக உடையும் என்று ஆசைப்படுவார்கள். நெருக்கமாகத் தப்பவும் செய்யும், கிட்டத்தில் பறவையைச் சுட்டால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது. எஃகு ரவை என்றால் அரைக்கு மேல் இறுக்கமாகப் போக வேண்டாம், அதுவும் குழல் அதற்கெனச் சோதித்ததாக இருந்தால் மட்டும். நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்துக்குப் பல நாடுகளில் தடை இருப்பதால் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, ஒல்லி. அவளுக்கு 20 போர் வாங்கலாமா?

பதில்: 20 போர் என்றால் உதை குறைவு என்று நினைக்கிறோம். துப்பாக்கி லேசாக இருந்து தோட்டா கனமாக இருந்தால் உதை கூடும். அவள் தூக்கக்கூடிய எடையில் ஒரு 12 போர், அதில் 21 கிராம் ரவை உள்ள தோட்டா, அது பல நேரம் இதமாக இருக்கும். தூக்கவே சிரமம் என்றால் 20 போரே வாங்குங்கள், ஆனால் ஒரே வீட்டில் இரண்டு போரும் இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய், தோட்டா உட்காரும் அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் நின்றுவிடும். விசையை அழுத்தினால் வெறும் 'டிக்'. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து, திறந்து, 12 போர் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து குழலைக் கிழிக்கும், சரியாக முன்கை பிடித்திருக்கிற இடத்தில். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதனால்தான்.

எங்கள் வீட்டில் 20 போர் வந்த நாளிலிருந்து, சுடப் புறப்படும் முன் ஒவ்வொருவரும் மேல்சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறிக் காட்டுகிறோம். போன வாரம் என் பையிலிருந்தே ஒரு மஞ்சள் உருண்டு விழுந்தது.