30 வயசில வேலைய விட்டிட்டு வெளிநாடு போகலாமோ?

கேள்வி: நான் யாழ்ப்பாணம் டவுனில ஒரு பினான்ஸ் கொம்பனில 7 வருசமா வேலை, இப்ப 30 வயசு, சம்பளம் 85,000. பாங்கில பிக்சட் டிப்போசிட்டில 9 லட்சம் கிடக்கு. ஸ்கூட்டி லீசிங் மாசம் 16,000 படி இன்னும் 14 மாசம், அம்மான்ர சங்கிலி ஒன்றரை லட்சத்துக்கு அடகில, வீட்டுக்கு மாசம் 30,000 குடுக்கிறன். இந்த வேலை வெறுத்துப் போச்சு. கம்போடியாவில 6 மாசம் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற வொலண்டியர் வேலை ஒண்டு இருக்கு, 3,000 டொலர் கட்டச் சொல்லுறாங்கள். ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) எடுத்துக் கட்டலாமோ?

பதில்: தங்கச்சி, வடிவாப் போங்கோ, ஆனா இந்த ஆக்களிட்டப் போகாதேங்கோ. டொலர் 300 எண்டு வச்சாலே 9 லட்சம், உங்கட பிக்சட் முழுக்கச் சரி, அதுக்கு மேல டிக்கெட் வேற. வேலையும் நீங்கள் செய்து காசும் நீங்களே கட்டுறது என்ன கணக்கு?

ஈ.பி.எப் வேலைய விட்ட உடன வராது. பொம்பிளையளுக்கு 50 வயசாகோணும், இல்லாட்டி கலியாணத்தால வேலைய விடோணும், இல்லாட்டி நிரந்தரமா நாட்ட விட்டுப் போகோணும், 6 மாசம் போய் வாறது அதுக்குள்ள வராது. ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கேக்கலாம், ஆனா அது சம்பளத்தில 3% தானே, உங்களுக்கு 2 லட்சம் வந்தாலே பெரிசு, அதையும் 5 வருசத்துக்கு ஒருக்காத்தான் இப்பிடி எடுக்கலாம், அதால அவசரப்பட்டு எடுக்காதேங்கோ.

ஐநா தொண்டர் திட்டம் எண்டு ஒண்டு இருக்கு, தலைமையகம் ஜேர்மனியில பொண் நகரத்தில. 27 வயசுக்கு மேல, 3 வருச அனுபவம் இருந்தா ஸ்பெஷலிஸ்ட் பிரிவில விண்ணப்பிக்கலாம், அதுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்ல, எடுபட்டா மாசம் சீவிக்கக் காசு, பயணச் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் அவையே பாப்பினம். நீங்கள் வெறுத்துப்போன அந்தக் கடன், கணக்கு வேலை தெரிஞ்ச ஆக்களை இப்பிடியான இடங்களில தேடுவினம், படிப்பிக்கத்தான் போகோணும் எண்டில்ல. இங்கிலிஸ் நல்லா வேணும், மாசக்கணக்கா இழுக்கும், கிடைக்காமலும் போகலாம், அதால எடுபட்ட கடிதம் கையில வராமல் ரிசைன் பண்ணாதேங்கோ.

அதுக்கிடையில அடகுச் சங்கிலிய மீட்டுப்போடுங்கோ, தவணை விட்டா ஏலத்துக்குப் போயிடும். லீசிங் மிச்சம் 2,24,000, முன்கூட்டியே முடிச்சா எவ்வளவு கழிப்பினம் எண்டு கேளுங்கோ, நீங்கள் அங்க நிக்கேக்க தவணை பிந்தினா இஞ்ச பிணை நிண்ட ஆக்களைத்தான் பிடிப்பாங்கள், அது சொந்தக்காரருக்குள்ள பெரிய சண்டையாகும், உங்கட வேலையே அதெண்டபடியா நான் சொல்லத் தேவையில்ல. சங்கிலியும் லீசிங்கும் முடிச்சு, வீட்டுக்கு 6 மாசக் காசு 1,80,000 ஒதுக்கினா பிக்சட்டில மூன்றரை லட்சம் அளவில மிஞ்சும், திரும்பி வந்து வேலை தேடுற காலத்துக்கு அது காணும். பிக்சட்ட இடையில உடைச்சா வட்டி குறையும், முடியிற திகதியப் பாத்து எடுங்கோ.

அந்த 3,000 டொலர்காரருக்கு அட்வான்ஸ் ஏதும் கட்டிட்டியளோ? கட்டியிருந்தா ரசீதையும் அவை அனுப்பின மெயிலையும் அழிக்காமல் வச்சுக்கொண்டு, இண்டைக்கே எழுத்தில காசத் திருப்பிக் கேளுங்கோ.