மெனியர் நோயில் காதுக்குள் என்ன நடக்கிறது?

உள்காதில் எலும்புக் குழாய்க்குள் மெல்லிய சவ்வுக் குழாய் ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் திரவம் அளவுக்கு மிஞ்சிச் சேர்வதைத்தான் மெனியர் நோயில் பார்க்கிறோம். இந்த நோயில் வரும் தலைச்சுற்றல் மூளையிலிருந்து அல்ல, உள்காதிலிருந்து வருகிறது என்று 1861-ல் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியர்.

பாட்டிலுக்குள் ஒரு பலூனை வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். பாட்டில் விரியாது, பலூன் தோல்தான் இழுபடும். அப்படித்தான் நத்தைக்கூடு போன்ற கேட்கும் பகுதியில் சவ்வு புடைக்கிறது. காது அடைக்கும், இரைச்சல் கேட்கும், பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள் முதலில் மங்கும். சமநிலை காக்கும் பைகளும் வீங்குவதால், சுவரைப் பிடித்து உட்கார்ந்தாலும் அறை சுழலும். 20 நிமிடத்திலிருந்து சில மணி நேரம் வரை. வருடக்கணக்கில் இது திரும்பத் திரும்ப வந்தால் ஒலியையும் அசைவையும் உணரும் நுண்மயிர்ச் செல்கள் சேதமாகும். அவை மறுபடி வளராது.

அப்புறம், குளிக்கும்போது புகுந்த தண்ணீர் இதற்குக் காரணமில்லை. அந்தத் தண்ணீர் செவிப்பறைக்கு வெளியேதான் நிற்கும்.