எதில் போடக்கூடாது?

கேள்வி: இரண்டு மா நிலம் விற்றதில் 18 லட்சம் கையில் இருக்கிறது. கணவருக்கு 62 வயது. கும்பகோணத்தில் ஒரு ஃபைனான்ஸில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி தருகிறார்களாம். நாத்தனார் மகனோ, ஆப்ஷனில் போட்டு இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிறான். எதில் போடலாம்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புச் சகோதரி,

எதில் போடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதில் அதுதான் பெரிய விஷயம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கன்று நட ஒரு நாள் போதும். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். பணமும் அப்படித்தான். 18 லட்சம் பாதியானால், மிஞ்சிய 9 லட்சம் இரட்டித்தால்தான் பழைய இடத்துக்கு வரும். 8 சதவீத வட்டியில் அதற்கு 9 வருஷம். அப்போது உங்கள் கணவருக்கு 71 வயது. போன ரூபாயை எல்லோரும் எண்ணுவார்கள். இந்த 9 வருஷத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

நூற்றுக்கு இரண்டு என்றால் வருஷத்துக்கு 24. அதற்கு மேல் சம்பாதித்தால்தானே அவர்களால் உங்களுக்குத் தர முடியும்? என் அப்பா சம்பா அறுவடைப் பணத்தை இப்படித்தான் ஓரிடத்தில் போட்டார். ஒரு வருஷம் வட்டி தேதி தவறாமல் வந்தது. அதை நம்பி அம்மாவின் நகையையும் விற்றுப் போட்டார். ஒருநாள் காலையில் போனால் கதவில் பூட்டு. டெபாசிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தெருப்பக்கமே போகாதீர்கள்.

ஆப்ஷன் வேண்டவே வேண்டாம். பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்றது அது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற இந்த மாதிரிப் பந்தயங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக 2024இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொன்னது. பையன் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறான் என்று நானும் நம்புகிறேன். ஆனாலும் கொடுக்காதீர்கள்.

கணவர் பெயரில் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 11 லட்சம் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். ஒரு வங்கியில் 4 லட்சம்; அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, அதைத் தாண்டவேண்டாம். மீதி 3 லட்சத்தை, பல பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் கொஞ்சமாகப் போட்டு, பத்து வருஷம் தொடாமல் விடுங்கள்.

முதல் வேலையாக, இந்த வாரமே தபால் ஆபீஸுக்குப் போய் வாருங்கள். மறுபடி நாத்தனார் மகன் வந்து கேட்டால், "மாமா பேர்ல போட்டாச்சுப்பா" என்று சொல்லிவிடலாம்.