கேள்வி-பதில்: தோட்டத்துப் பெண்களின் உழைப்பை எப்படிக் கணக்கெடுப்பது?

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கிராமப்புற மேம்பாட்டில் பெண்களின் பங்கு என்பது அவள் ஆய்வு. பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்தால் பாதிப் பேர் "வேலைக்குப் போகல, வீட்லதான் இருக்கேன்" என்கிறார்களாம். இதை எப்படி எழுதுவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கேள்வியை மாற்றச் சொல்லுங்கள், அம்மா. "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டால் சம்பளச் சிட்டையில் பேர் உள்ளவர் மட்டுமே ஆமாம் என்பார். "நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் என்ன செஞ்சீங்க?" என்று ஆரம்பிக்க வேண்டும்.

வேளாண்மையில் பெண்களின் அதிகார நிலையை அளக்க 2012இல் வெளியான குறியீட்டின் முறை இதற்கு நன்றாக உதவும். முதல் நாள் விடிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாக 96 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் முதன்மையாகச் செய்த வேலை ஒன்று, கூடவே நடந்தது ஒன்று. சோறு வேகும்போதே பிள்ளைக்குத் தலை பின்னினால் இரண்டையும் எழுத வேண்டும். கூட நடந்ததற்குப் பாதி நேரம் கணக்கு. கூலி வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து 10.5 மணி நேரத்தைத் தாண்டினால், அந்தக் குறியீட்டின்படி அவர் வேலைச்சுமை மிகுந்தவர்.

செம்பனைத் தோட்டமானால் இன்னொரு கேள்வியும் அவசியம்: "வீட்டுக்காரர் கணக்கில் ஏறும் வேலையில் நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?" குலை வெட்டுபவருக்கு எடைக்கோ குலைக்கோ கூலி என்றால், வெட்டவும் உதிரிப்பழம் பொறுக்கவும் ஒருவருக்கு நேரம் பத்தாது. மனைவி பின்னாலேயே குனிந்து பொறுக்கி, இலையும் கல்லும் நீக்கிச் சாக்கில் கட்டுவார். கூலி கணவர் பெயரில் ஏறும். பெயர்ப்பட்டியலில் இல்லாதவருக்கு அந்த வேலைக்கு ஊழியர் சேமநிதியும் இல்லை, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியும் இல்லை. கையில் முள் ஏறிச் சீழ் பிடித்தாலும் செலவு அவர் தலையில்தான். மகள் முதலில் பதிவு செய்ய வேண்டியது இதைத்தான்.

கணக்கு கெடுவது பெரும்பாலும் நாள் தேர்வில். சம்பள நாள், திருவிழா, மழையால் வேலை நின்ற நாள் ஆகியவற்றைத் தவிர்க்கவும், அல்லது தனியாகக் குறித்து வைக்கவும். சமையல் நேரத்தில் போய் உட்காரக் கூடாது. தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆனால் மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) பக்கத்தில் நிற்கும்போது எடுக்கும் பேட்டியை நம்பாதீர்கள். மாமியார் இருந்தாலும் பதில் மாறும். முதலில் நான்கைந்து பேரிடம் கேட்டுப் பார்த்து, புரியாத கேள்விகளைத் திருத்திய பிறகே முழு ஆய்வில் இறங்கட்டும்.

கேள்வி: குடும்பத் தலைவரிடம் கேட்டால் போதாதா? வீட்டு வருமானம் எல்லாருக்கும் பொதுதானே?
– வாசகர், பஹாவ்

பதில்: போதாது. சமையல் செலவுக்கு ஒருவர் கடன் வாங்கிக்கொண்டிருக்க, இன்னொருவர் கையில் காசு புழங்கும் வீடுகள் உண்டு. கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்க வேண்டும். மூன்றைப் பிரித்துக் கேளுங்கள்: வேலையை யார் செய்கிறார், பொருளை யார் பயன்படுத்துகிறார், விற்க யார் முடிவெடுக்கிறார்? மோட்டார் சைக்கிள், ஆடு, வங்கி அட்டை, வீட்டுப் பத்திரம் என ஒவ்வொன்றாகப் போகலாம். மனைவி ஓட்டும் மோட்டார் சைக்கிளை அவரைக் கேட்காமலே கணவர் விற்க முடியும் என்றால், பயன்பாடு மனைவியுடையது, அதிகாரம் அவருடையதல்ல. இருவர் பதிலும் மோதினால் சமரசம் செய்து ஒன்றாக்க வேண்டாம். அந்த மோதலே ஆய்வின் முக்கியமான தகவல்.

கேள்வி: எழுதிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வருவதில்லை. எங்களுக்கு என்ன பயன்?
– வாசகி, லூனாஸ்

பதில்: நியாயமான கோபம். பேட்டி தருமுன்பே, முடிவைத் தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். மறுத்தால் பேசாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. பலன் கிடைத்தாலும் தாமதமாகவே கிடைக்கும். மருந்தடிக்கும் தோட்டப் பெண்களின் உடல்நலம் பற்றித் தெனாகனிதா என்னும் பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பின் ஆய்வு 2002இல் வந்தது. அதே ஆண்டு பாராகுவாட் களைக்கொல்லிக்குத் தடை அறிவித்த மலேசிய அரசு, 2006இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1இல்தான். அத்தனை ஆண்டும் இதுபோன்ற ஆய்வுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடியவர்கள் இருந்தார்கள்.

கேள்வி: சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா?
– வாசகி, தெலுக் இந்தான்

பதில்: உண்டு. 2022 டிசம்பர் 1 முதல் இல்லத்தரசிகளுக்குச் சொக்சோ திட்டம் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு 120 வெள்ளி. வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கு அதில் பாதுகாப்பு உண்டு. 55 வயது ஆகுமுன் பதிய வேண்டும். ஒரு முறை கட்டினால் 12 மாதம் செல்லும். அடுத்த ஆண்டு மறுபடி கட்டத் தவறாதீர்கள்.