கடல் கேல் என்ற பெயரில் வந்த விதைப் பொட்டலம்

கேள்வி: இணையத்தில், 'கடற்கரை மணலில் வளரும், பல ஆண்டுகள் நிற்கும், பூச்செடியாகவும் கீரையாகவும் பயன்படும்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, 349 ரூபாய்க்குக் கடல் கேல் விதை வாங்கினேன். கடுகைப் போன்ற சிறிய கரிய விதைகள் வந்தன. கொஞ்சம் விதைத்தேன், ஐந்தாம் நாளே முளைத்துவிட்டன. இவை சரியான விதைகள்தானா? பிரித்த பொட்டலத்தைத் திரும்பப் பெற முடியாது என்று விற்றவர் சொல்கிறார். - வாசகி, வேதாரண்யம்.

பதில்: உங்களுக்கு வந்தவை கடல் கேல் விதைகள் அல்ல. கடல் கேலின் விதை தனியாகக் கிடப்பதில்லை. பட்டாணி அளவுள்ள, வெளிறிய பழுப்பு நிற உருண்டைக் காய்க்குள் ஒற்றை விதையாக அடைபட்டிருக்கும். அந்தக் காயின் ஓடு, நம் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பயன்படுத்தும் நெட்டியைப் போல இலேசானது. கடலில் மிதந்து சென்று வேறு கரையில் ஒதுங்குவதற்கே அப்படி அமைந்திருக்கிறது. ஓட்டை உடைத்து விதைத்தாலும் முளைக்க வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். ஐந்து நாளில் முளைத்தது பெரும்பாலும் முட்டைக்கோஸ் வகைக் கீரையான சாதாரண கேல் அல்லது கடுகு இனத்தைச் சேர்ந்த வேறொரு கீரையாக இருக்கும். மீதி விதைகளையும் பொட்டலத்தையும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். அவைதான் உங்கள் சாட்சி.

விற்றவரின் பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனையாளருக்கே கட்டளையிடுகின்றன. வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு, விளம்பரப் பக்கத்தின் படத்தையும் விதையின் படத்தையும் இணைத்து எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பயனில்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

பணம் திரும்பி வந்தாலும், அதைக் கொண்டு உண்மையான கடல் கேலை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அது ஐரோப்பியக் கடலோரக் கூழாங்கல் திட்டுகளின் செடி. குளிர்காலத்தில் மேற்பகுதி பட்டுப்போய், வேர் உறங்கி, இளவேனிலில் துளிர்விடும்; அந்தத் துளிரின் மேல் மண்சாடியைக் கவிழ்த்து, வெயில் படாமல் வெளுக்கச் செய்து உண்பார்கள். விதையிலிருந்து வளர்த்தால் முதல் அறுவடைக்கே மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். உங்கள் ஊர் மணலும் உப்புக்காற்றும் அதற்கு ஒத்துவரலாம். ஆனால் அது உறங்குவதற்கான குளிர் நம் மார்கழியில் இல்லை, சித்திரை வெயிலையும் அது தாங்காது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதென்றால், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

வெள்ளைப் பூவும் உண்ணும் இலையும் பல ஆண்டு ஆயுளும் ஒரே செடியில் வேண்டுமென்றால், உங்கள் மணலுக்கு முருங்கை இருக்கிறது. 2018இல் கஜா புயல் உங்கள் பகுதியின் மரங்களை வீழ்த்தியதை மறக்க முடியாது. ஆகவே உயர விடாமல், ஆண்டுதோறும் இடுப்பளவில் வெட்டிப் புதராக வளருங்கள்.

கேள்வி: விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் கடல் கேல் இங்கே வளருமா? - வாசகர், திருவாரூர்.

பதில்: முளைக்க வேண்டுமானால் அது உதவலாம். ஆனால் ஆண்டுதோறும் குளிர் தேவைப்படுவது விதைக்கு அல்ல, மண்ணில் இருக்கும் வேருக்கு. தவிரவும், உங்கள் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கினால் அந்த வேர் அழுகிவிடும். அதற்குப் பதிலாக, பல ஆண்டு நிற்கும் தவசிக்கீரையின் குச்சி ஒன்றை மேட்டுப்பாத்தியில் நடுங்கள். அந்தக் கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்காமல், வேகவைத்தே உண்ணுங்கள்.